மூலப் பாட்டும் ரீமிக்சும்: செவியின் தீர்ப்பை நம்பலாமா?

சென்ற ஓணம் விடுமுறையில் ஊருக்குச் செல்ல இயலாத தமிழ் மாணவர் சிலர், வைட்டிலாவில் ஒரு வாடகை வீட்டின் மாடியில் கூடினோம். நண்பர் ஒருவர் தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, கிதாரும் டிரம்சும் முழங்கப் பாடிய ராக் பாட்டு ஒன்று அன்று அரங்கேறியது. அதே பாட்டுக்கு வேறு இரு நண்பர்கள் ஆளுக்கொரு ரீமிக்ஸ் செய்து கொண்டுவந்திருந்தனர். மூன்றையும் ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டு, பொங்கல் விழாவிற்கு எதனை எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்வதாக ஏற்பாடு. கேட்டு முடிந்ததும் கையை உயர்த்தச் சொன்னோம். இருந்தவர் 17 பேர். மூலப் பாட்டுக்கு உயர்ந்தவை இரண்டே கைகள். இறுதியில் ஒலித்த ரீமிக்சுக்குப் பதினொரு கைகள்.

நண்பர் சிரித்துக்கொண்டே தாமும் கைதட்டினார். ஆனால், அன்று உறைக்குள் வைத்த கிதாரை அவர் பல வாரங்கள் வெளியே எடுக்கவில்லை.

அன்று ஒலிபெருக்கியின் அருகில் அமர்ந்து பாட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டவன் நான். பின்னொரு நாள் ஏதோ ஐயம் தோன்ற, மூன்று பதிவுகளையும் கணிப்பொறியில் இட்டு அளந்து பார்த்தேன். பதினொரு கைகளைப் பெற்ற ரீமிக்ஸ், மூலப் பாட்டைவிட 5 டெசிபல் உரத்து ஒலித்திருக்கிறது! அளவை ஒன்றாக்கிப் போட்டிருக்க வேண்டியவன் நான். செய்யத் தவறிவிட்டேன். அப்படியானால், நாங்கள் எண்ணிய கைகள் பாட்டுக்கு உயர்ந்தவையா, உரப்புக்கு உயர்ந்தவையா? அக்கேள்வியிலிருந்து பிறந்ததே இக்கட்டுரை. பௌதிகம் படிப்பவன் இசையைப் பற்றி எழுதுவதா என்று நண்பர்கள் வியக்க வேண்டா. இசையின் நயத்தை எடுத்துரைக்க நான் வரவில்லை. கேட்போர் கருத்து என்பதை எவ்வாறு கேட்டறிவது, எவ்வளவு நம்புவது என்பதே இங்கு நாம் ஆராயும் பொருள்.

சில சொற்கள்

முதலில் சொற்களைத் தெளிவு செய்து கொள்வோம். தொகுப்பிலிருந்து பிரிந்து தனியே வெளிவரும் ஒற்றைப் பாட்டைச் சிங்கிள் என்பர். 1949-ஆம் ஆண்டில் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம், நிமிடத்துக்கு 45 முறை சுழலும் 7 அங்குல இசைத்தட்டை வெளியிட்டது. பக்கத்துக்கு ஒரு பாட்டு. நெடுங்காலம் சிங்கிள் என்றால் அத்தட்டே ஆகும். இன்று தட்டு போயிற்று, பெயர் நின்றது.

ரீமிக்ஸ் என்பது யாது? பாட்டைப் பதிவு செய்யும்போது குரல் ஒரு தடத்திலும், கிதார் ஒரு தடத்திலும், டிரம்ஸ் வேறொரு தடத்திலுமாகப் பதிகின்றனர். பின்னர் அவற்றை அளவறிந்து கலக்கின்றனர். அக்கலவையைக் கலைத்து, சிலவற்றை நீக்கி, சிலவற்றைச் சேர்த்து, மீண்டும் கலப்பதே ரீமிக்ஸ். சந்தையில் வாங்கிய அதே காய்களைக் கொண்டு ஒரு வீட்டில் அவியல் வைக்கிறார்கள். அடுத்த வீட்டில் சாம்பார் வைக்கிறார்கள் அல்லவா? அதைப் போன்றது இது. ஜமைக்காவில் வானொலிப் பெட்டி பழுது பார்க்கும் தொழிலறிந்த கிங் டப்பி என்பவர், 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாட்டிலிருந்து குரலைக் குறைத்துத் தாளத்தை ஓங்கச் செய்து இக்கலைக்கு வழிகோலினார். 1976-இல் அமெரிக்காவில் வால்ட்டர் கிப்பன்ஸ் நீட்டிக் கலந்த ஆட்டப்பாட்டு ஒன்று 12 அங்குலத் தட்டில் விற்பனைக்கு வந்தது. அதன் பின் ரீமிக்ஸ் ஒரு தனித் தொழிலாயிற்று.

நம் திரையுலகில் ரீமிக்ஸ் என்ற சொல் சற்றே விரிந்த பொருளில் வழங்குகிறது. பழைய பாட்டைப் புதிய குரலில், புதிய தாளத்தில் மீண்டும் பாடுவதையும் நாம் அப்பெயராலேயே அழைக்கிறோம். ‘படகோட்டி’ (1964) படத்தின் பாட்டு ஒன்று ‘நியூ’ (2004) படத்திலும், ‘சொர்க்கம்’ (1970) படத்தின் பாட்டு ஒன்று ‘அழகிய தமிழ் மகன்’ (2007) படத்திலும் ஏ. ஆர். ரகுமானின் இசையில் இவ்வாறு மறுபிறவி எடுத்தன. ‘அடுத்த வாரிசு’ (1983) படத்துக்கு இளையராஜா அமைத்த பாட்டொன்றை, அவர் மகன் யுவன் சங்கர் ராஜா ‘குறும்பு’ (2003) படத்துக்காக ரீமிக்ஸ் செய்தார். அப்போதெல்லாம் வீடுதோறும் ஒரு வழக்கு நடந்தது. தந்தை ஒரு கட்சி; மகன் மறுகட்சி. தீர்ப்புக் கூறுவார் இல்லை.

இருமுறை முதலிடம் பெற்ற பாட்டு

இவ்வழக்குக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு இங்கிலாந்தில் உண்டு. அதிலும் நம் நாட்டுத் தொடர்புடையது. இந்திய வழியினரான ஜிந்தர் சிங் என்பவர் நடத்திய கார்னர்ஷாப் என்ற ராக் இசைக்குழு, 1997 ஆகஸ்டில் ‘பிரிம்ஃபுல் ஆஃப் ஆஷா’ என்னும் சிங்கிளை வெளியிட்டது. பின்னணிப் பாடகி ஆஷா போஸ்லேயையும், இந்தியத் திரையிசையையும், 45 சுற்று இசைத்தட்டையும் போற்றும் பாட்டு அது. மெதுவாக, கிதாரை மட்டும் பெரிதும் நம்பி நடப்பது. இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் அது 60-ஆம் இடத்தோடு நின்றுவிட்டது.

பின்னர் நார்மன் குக் என்பவர் அதனை ரீமிக்ஸ் செய்தார். வேகத்தைக் கூட்டினார், சுருதியை ஏற்றினார், டிரம்சை ஓங்கி ஒலிக்கச் செய்தார். 1998 பிப்ரவரியில் அவ்வடிவம் வெளிவந்து விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. ‘அறுபது எங்கே, ஒன்று எங்கே! ரீமிக்ஸ்தான் சிறந்தது என்று நாடே கூறிவிட்டதே!’ என்று ஒருவர் முடிவு கட்டலாம்.

பொறுங்கள். இன்னொரு செய்தியும் உண்டு. பி.பி.சி. வானொலியில் ஜான் பீல் என்னும் அறிவிப்பாளர் ஆண்டுதோறும் தம் நேயர்களை வாக்களிக்கச் சொல்லி, சிறந்த பாட்டுகளின் பட்டியலை வெளியிடுவது வழக்கமாக இருந்தது. 1997-ஆம் ஆண்டின் நேயர் பட்டியலில் முதலிடம் பெற்றது எது? இதே பாட்டுத்தான். விற்பனையில் 60-ஆம் இடத்தோடு நின்ற மூல வடிவத்தை, ரீமிக்ஸ் வெற்றி பெறுவதற்கு முன்னரே அந்நேயர்கள் முதலிடத்தில் அமர்த்திவிட்டனர்!

ஆக, ஒரே பாட்டு இரு வடிவிலும் முதலிடம் பெற்றிருக்கிறது. முரண்பாடு ஏதும் இல்லை. இரவில் வானொலிக்குச் செவிசாய்த்துப் புதுமையைத் தேடும் நேயர் ஒரு கூட்டம். ஆடுவதற்கும் விருந்துக்கும் தட்டு வாங்கும் மக்கள் வேறொரு கூட்டம். கேள்வியும் வேறு, கேட்கப்பட்டோரும் வேறு. நாம் கற்கும் முதற்பாடம் இதுவே: ‘கேட்போர் கருத்து’ என்று எவரேனும் கூறினால், ‘எந்தக் கேட்போர்? எதற்காகக் கேட்டோர்?’ என்று நாம் வினவ வேண்டும்.

செவியை மயக்குவன நான்கு

கூட்டத்தை விட்டுத் தனி மனிதரிடம் வருவோம். ஒருவர் உண்மையாகவே தம் கருத்தைக் கூறுகிறார் என்று கொள்வோம். அவர் செவியையும் மயக்குவன சில உள. அவற்றுள் நான்கைக் காண்போம்.

முதலாவது உரப்பு. ஓரிரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதை நாம் ‘உரத்த ஒலி’ என்று உணர்வதில்லை. ‘தெளிவாக இருக்கிறது, உயிரோடு இருக்கிறது’ என்றே உணர்கிறோம். இதற்கு ஒரு காரணத்தை 1933-இல் ஃபிளெச்சர், மன்சன் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் அளந்து காட்டினர். தாழ்ந்த உரப்பில் நம் செவி கீழ்ச்சுரங்களைச் சரிவரக் கேட்பதில்லை. உரப்பு ஏற ஏறக் கீழ்ச்சுரங்கள் விரைந்து எழுந்து வருகின்றன. பாட்டுக்கு உடம்பு வந்ததுபோல் தோன்றுகிறது. டிரம்சும் பேசும் நிறைந்த ரீமிக்சுக்கு இது பெரும் ஊதியம். 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரு மடங்கு ஆகும். எங்கள் மாடியில் ஒலித்த 5 டெசிபல், மூன்று மடங்குக்கும் மேல். நண்பருடைய பாட்டு, கால் கட்டப்பட்டு ஓட்டப் பந்தயத்தில் நின்றது.

இரண்டாவது வேகம். பழைய முறையில் தட்டையோ நாடாவையோ ஏறத்தாழ 6 விழுக்காடு விரைவாகச் சுழற்றினால், சுருதி ஓர் அரைச் சுரம் ஏறும். குரல் இளமை பெறும், பாட்டு துள்ளும். சுருதியைத் தொடாமலே வேகத்தை மாற்றக் கணிப்பொறி இன்று வழி செய்துவிட்டது. விரைந்த பாட்டை அடுத்து மூலப் பாட்டைக் கேட்டால், மூலம் சோம்பிக் கிடப்பதாகத் தோன்றும். நெடுஞ்சாலையில் விரைந்து வந்த பேருந்து வைட்டிலாச் சந்திப்பின் நெரிசலில் ஊர்வதைப் போல!

மூன்றாவது பழக்கம். 1968-இல் ராபர்ட் சையான்ஸ் என்ற உளநூல் அறிஞர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். பொருளற்ற சொற்களையும், அறிமுகமில்லா முகங்களின் படங்களையும் பலருக்குக் காட்டினார். சிலவற்றை ஓரிரு முறை, சிலவற்றைப் பலமுறை. மிகுதியாகக் கண்டவற்றையே மக்கள் மிகுதியாக விரும்பினர். பாட்டுக்கும் இது பொருந்தும். நூறு முறை கேட்ட பாட்டும் இன்று முதன்முறை கேட்கும் பாட்டும் சமநிலையில் நிற்கும் போட்டியாளர் ஆகா.

நான்காவது முறைவைப்பு. முதலில் கேட்டது அளவுகோல் ஆகிறது. இறுதியில் கேட்டது நினைவில் நிற்கிறது. நடுவில் சிக்கியது நசுங்குகிறது. இதில் நுட்பம் ஒன்று உண்டு. பலருக்கு ‘மூலம்’ என்பது முதலில் பிறந்த வடிவம் அன்று. அவர் முதலில் கேட்ட வடிவமே. 2007-க்குப் பின் பாட்டுக் கேட்கத் தொடங்கிய ஒரு தம்பிக்கு ‘அழகிய தமிழ் மகன்’ பாட்டே மூலம். ‘சொர்க்கம்’ படத்துப் பாட்டு அவனுக்கு வினோதமான ஒரு மறுவடிவம்!

அண்டைத் தெருவில் ஒரு வழக்கு

எங்கள் மாடியிலிருந்து சிறிது தொலைவில் உள்ளது தைக்கூடம். மெட்ரோ இரயிலில் வைட்டிலாவுக்கு அடுத்த நிலையம். அவ்வூர்ப் பாலத்தின் பெயரைத் தம் பெயராகக் கொண்டு 2013-இல் தோன்றியது தைக்குடம் பிரிட்ஜ் என்னும் ராக் குழு. ‘96’ (2018) படத்துக்கு இசையமைத்த கோவிந்த் வசந்தா அதனைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். பழைய மலையாள, தமிழ்ப் பாட்டுகளைக் கதம்பமாகக் கோத்துப் பாடியதால் அக்குழுவின் பெயர் பரவியது. அவர்களுடைய ‘நவரசம்’ என்னும் தொகுப்பு 2015-இல் வெளிவந்தது.

2022 செப்டம்பர் 30-ஆம் நாள் ‘காந்தாரா’ என்ற கன்னடப் படம் திரைக்கு வந்தது. அதில் வரும் ‘வராஹ ரூபம்’ பாட்டைக் கேட்ட பலர், தைக்குடம் குழுவின் ‘நவரசம்’ பாட்டோடு அது ஒத்திருப்பதாகக் கூறினர். அக்டோபரில் குழுவும் அதையே கூறி, நீதிமன்றத்தை நாடியது. இசையமைப்பாளர் அஜனீஷ் லோக்நாத் மறுத்தார். இராகங்கள் ஒன்றாதலின் ஒற்றுமை தோன்றுகிறது என்பது அவர் தரப்பு. நவம்பர் 24-ஆம் நாள் படம் அமேசான் பிரைமில் வந்தபோது, அதே சொற்கள் வேறு மெட்டில் ஒலித்தன. திரையரங்கில் முன்னதைக் கேட்டிருந்த மக்கள் பொறுக்கவில்லை. ‘பழைய மெட்டைத் திருப்பிக் கொடுங்கள்’ என்று எங்கும் குரல் எழுந்தது. நீதிமன்றத் தடை நீங்கியபின் முதல் மெட்டு திரும்பியும் வந்தது.

வழக்கின் நியாயம் நீதிமன்றத்துக்கு உரியது. அதனுள் நாம் புக வேண்டா. கேட்போர் கருத்து என்ற வகையில் மட்டும் காண்போம். இங்கு மக்களிடம் இரு கேள்விகள் எழுந்தன. ‘இஃது அதைப்போல் இருக்கிறதா?’ என்பது ஒன்று. ‘இரண்டனுள் எது நன்று?’ என்பது மற்றொன்று. முன்னது அடையாளம் காணும் கேள்வி. பின்னது விருப்பக் கேள்வி. இவ்விரண்டையும் நாம் நாள்தோறும் குழப்பிக் கொள்கிறோம். ‘ரீமிக்சில் பாட்டையே காணோம்’ என்று ஒருவர் கூறினால், அது முதற்கேள்விக்கு விடை. அதனைக் கொண்டு ரீமிக்ஸ் தரமற்றது என்று முடிவு செய்தல் ஆகாது.

இனி, மாற்றிய மெட்டை மக்கள் வெறுத்தனரே, அதனால் அது தாழ்ந்த மெட்டு என்று துணியலாமா? முன்னதை அவர்கள் இருண்ட அரங்கில், பெரிய ஒலிபெருக்கிகளில், உள்ளத்தை உலுக்கும் காட்சியோடு முதலில் கேட்டனர்; பின்னர்ப் பலமுறை கேட்டனர். பின்னதை வீட்டில், சிறிய திரையில், ஏமாற்றத்தோடு கேட்டனர். நாம் கண்ட நான்கனுள் மூன்று ஒரே பக்கம் சாய்ந்து நிற்கின்றன. பின்னதை மட்டும் கேட்டவர் என்ன கூறுவர் என்பதை அறியாமல் அதனைத் தள்ளுவது முறையன்று.

சோதிக்கும் முறை

அப்படியாயின் நேர்மையான தீர்ப்பைப் பெறுவது எப்படி? எம்.பி.3 என்ற ஒலிச்சுருக்க முறையை உருவாக்கியவர்களுக்கும் இச்சிக்கல் எழுந்தது. அவர்களுள் ஒருவரான செருமானியர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், சூசன் வேகா இசைக்கருவி எதுவுமின்றிப் பாடிய ‘டாம்ஸ் டைனர்’ பாட்டைச் சோதனைப் பொருளாகக் கொண்டார். தனிக் குரலில் சிறு பழுதும் செவிக்குப் புலப்படும் அன்றோ? அதே பாட்டுக்கு 1990-இல் டி.என்.ஏ. என்ற இருவர் தாளம் சேர்த்துச் செய்த ரீமிக்ஸ் இங்கிலாந்தில் இரண்டாம் இடம் வரை ஏறியது தனிக்கதை.

ஒலிப் பொறியாளர் கையாளும் வழிகளை நம் விடுதி அறைக்கு ஏற்பச் சுருக்கிக் கூறுகிறேன். முதலில் எல்லா வடிவங்களின் உரப்பையும் அளந்து ஒன்றாக்குக. கணிப்பொறியில் இதற்கு விலையின்றிக் கிடைக்கும் கருவிகள் பல உள. அடுத்து, பெயர்களை மறைத்து அ, ஆ, இ என்று குறியிடுக. யார் செய்தது, எது மூலம் என்று எவர்க்கும் கூறற்க. மூன்றாவது, ஒவ்வொருவர்க்கும் வரிசையை மாற்றிப் போடுக. நான்காவது, கையை உயர்த்தச் சொல்லாமல் சீட்டில் எழுதச் சொல்லுக. அண்டையார் கையைப் பார்த்து உயரும் கைகளே கூட்டத்தில் மிகுதி. ஐந்தாவது, ‘எது நன்று?’ என்று மட்டும் கேளாமல், ‘எதற்கு நன்று?’ என்றும் கேட்க. ஆடவா, தனியே இருந்து கேட்கவா, சொல்லின் பொருளை உணரவா?

எண்களைக் கண்டு மயங்குதலும் கூடாது. ஒருவர், ‘மூலத்தையும் ரீமிக்சின் நுண்ணிய மாற்றத்தையும் கண்ணை மூடிக்கொண்டே பிரித்தறிவேன்’ என்கிறார். பத்து முறை சோதிக்கிறோம். ஏழு முறை சரியாகக் கூறுகிறார். வென்றுவிட்டாரா? நாணயத்தைச் சுண்டி விடை கூறினாலும் பத்தில் ஏழோ அதற்கு மேலோ சரியாவதற்கு 1024-இல் 176 வாய்ப்புகள், அதாவது 17 விழுக்காடு உண்டு. ஒன்பதோ பத்தோ சரியாகக் கூறினால் வாய்ப்பு 1024-இல் 11 தான். அப்போது அவர் செவிக்குத் தலைவணங்கலாம்.

எஞ்சி நிற்பது

இம்முறையில் நண்பரின் பாட்டை மீண்டும் சோதித்தோம். ஓணத்தன்று வராத மாணவர்களை மட்டும் அழைத்தோம். நான் உள்ளூர ஒன்றை விரும்பினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூலப் பாட்டே வெல்ல வேண்டும். என் தவறு அதனால் கழுவப்பட வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. மூன்றுக்கும் ஏறத்தாழச் சமமாகவே வாக்குகள் விழுந்தன. ஆனால், ஐந்தாவது கேள்விக்கு வந்த விடைகள் சமமாக இல்லை. ஆடுவதற்கு ரீமிக்ஸ் என்று எழுதியவர் பலர். சொல் மனத்தில் நின்றது எது என்பதற்கு மூலம் என்று எழுதியவர் பலர். சீட்டுகளை நண்பரிடம் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். ஒரு சீட்டில், ‘இரண்டாவது சரணம் எங்கள் அம்மா தொலைபேசியில் பேசுவதுபோல் இருந்தது’ என்று யாரோ எழுதியிருந்தார். அதனை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டார்.

கேட்போர் கருத்து பயனற்றது என்பதன்று நான் கூற வந்தது. உரப்பையும் வேகத்தையும் பழக்கத்தையும் முறைவைப்பையும் கழித்தபின் எஞ்சுவது சிறிதாக இருக்கலாம். ஆனால், அச்சிறிதே பாட்டுக்கு உரியது, பாடியவனுக்குப் பயன்படுவது. கழிக்காமல் கூறும் கருத்தோ ஒலிபெருக்கிக்கு உரியது.

தமிழ்நாட்டை விட்டு வந்து வாழும் நமக்கு இது இன்னும் பொருந்தும். ‘பழைய பாட்டே பாட்டு’ என்று நாம் அடித்துப் பேசும்போது, பாட்டைப் போற்றுகிறோமா, அது ஒலித்த வீட்டையும் தெருமுனைத் தேநீர்க் கடையையும் எண்ணி ஏங்குகிறோமா? ஏங்குவதில் குற்றமில்லை. அதை ஏக்கம் என்றே கூறுவோம். தீர்ப்பு என்று கூற வேண்டா. கேள்வி என்றே ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், அதனை அடுத்து அறிவுடைமையை வைத்தார். கேட்டல் முதலில், அறிதல் பின்னர். நாமோ பல வேளைகளில் தீர்ப்பை முதலில் கூறிவிட்டுக் கேட்கத் தொடங்குகிறோம்.

பொங்கல் விழாவுக்கு எதனை எடுத்துக்கொள்வது என்பதைச் சங்கம் இன்னும் முடிவு செய்யவில்லை. முடிவு செய்யும் நாளில் ஒலிபெருக்கியின் அருகில் நானே அமர்கிறேன். அளவுகருவியும் சீட்டுகளும் கொண்டு வருவேன். நீங்கள் செவிகளை மட்டும் கொண்டு வாருங்கள்.